குட்டி வண்டியும் நானும்

நாற்காலியைப் பார்த்தாலே பயமா இருக்கு மக்களே. ரெண்டு நாள் வண்டி ஓட்டின கைங்கர்யம் :)

போன வருஷம் கோத்தகிரி இறக்கத்துல ஒரு கொண்டை ஊசி வளைவுல விழுந்ததுல இருந்து, வளைவுன்னாலே எனக்கு உதறல். அதைப் போக்கத்தான் கோவை பக்கம் ஒரு கார்ட் டிராக்ல சனி, ஞாயிறு பயிற்சிக்குப் பேர் கொடுத்தேன். வண்டி, பிட் பைக். பந்தயத்துக்கு வர்றவங்க பிட் பகுதிக்குள்ள சுத்தி வர வச்சிருந்த குட்டி வண்டி, அதான் அந்தப் பேர். 12 அங்குல சக்கரம், 150 சிசி. நான் உட்கார்ந்தா சர்க்கஸ் கரடி மாதிரி இருந்திருக்கும். (போட்டோ எல்லாம் போட மாட்டேன்!)

சனிக்கிழமை ரெண்டு தடவை விழுந்தேன். ரெண்டும் ஒரே இடம். பயிற்சி கொடுத்தவர், "எங்க பாத்தீங்க?"ன்னு மட்டும் கேட்டார். ஓரமா அடுக்கி வச்சிருந்த டயரைத்தான் பார்த்தேன். "அதான் அங்கயே போனீங்க. கண்ணு வளைவு முடியுற இடத்துல இருக்கணும் சார்."

யோசிச்சுப் பார்த்தா, கோத்தகிரியிலயும் நான் பார்த்தது ரோட்டை இல்ல, பள்ளத்தை. இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன், இதை யாருமே சொல்லலையே!

ஞாயித்துக்கிழமை பூரா இதே வேலை. வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிக்கணும், கழுத்தைத் திருப்பணும், சீட்டுல இருந்து பாதி உடம்பை உள்பக்கம் இறக்கணும். மூணு மணி வாக்குல 'சர்ர்'ன்னு ஒரு சத்தம். முட்டி தரையைத் தொட்டுருச்சுன்னு உள்ளுக்குள்ள ஒரே விசில். இறங்கிப் பார்த்தா முட்டியில கீறலே இல்ல. தேஞ்சது பூட்ஸ் நுனி. காலை ஒழுங்கா வைக்கத் தெரியலைன்னு அதுக்கும் திட்டு.

அந்த டயர் வளைவுல மட்டும் அப்புறம் விழல. கோத்தகிரிக்கு இன்னும் போகல.