புல முதல்வரும் குமிழித் தூம்பும்

அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் காலை 7 மணிக்குக் கல்லூரிப் பேருந்துக்குக் காத்து நிற்போருள் தமிழ் நடத்துவோர் நாங்கள் மூவர். 2022-இல் அண்ணா பல்கலைக்கழகம் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் இரு தாள்களை முதலாண்டுப் பொறியியல் மாணவர்க்குக் கட்டாயமாக்கியது. அதுவரை கலைக்கல்லூரிகளில் தொகுப்பூதியத்துக்கு அலைந்துகொண்டிருந்த எங்களுக்குப் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதுவும் பெரும்பாலும் நாளின் கடைசி மணி. மாணவர்கள் கைப்பேசியையும், நாங்கள் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அக்கல்லூரியில் 'டீன்' என்றழைக்கப்பட்டவர் கட்டடப் பொறியியல் துறையிலிருந்து வந்தவர். ஆவடிக்காரர். தந்தையார் டாங்கித் தொழிற்சாலையில் தொழிலாளி. பட்டயப் படிப்பு முடித்து, பகலில் வேலையும் மாலையில் கிண்டியில் பகுதிநேர பி.இ.யுமாகக் காலம் கழித்து, விரிவுரையாளராகி, துறைத்தலைவராகி, ஐம்பதுக்கு மேல் முனைவர் பட்டமும் பெற்று அந்நாற்காலிக்கு வந்திருந்தார். நாற்காலி பெரிதே தவிர அதிகாரம் பெரிதன்று. கோடை வந்தால் அவரும் எங்களோடு துண்டறிக்கைக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேல்நிலைப் பள்ளிகளின் வாசலில் நிற்கவேண்டியவரே.

அவர் எங்களிடம் கேட்ட முதற்கேள்வி, "டீனுக்குத் தமிழ்ல என்னங்க?" என்பது. 'புல முதல்வர்' என்று எழுதிக் கொடுத்தோம். பெயர்ப்பலகை 'புல்முதல்வர்' என்று வந்து சேர்ந்தது. நாங்கள் பதறினோம். அவரோ, "சிவில் வாத்தியார்தானே, புல் முளைச்சா முளைச்சுட்டுப் போகுது" என்று இரண்டு மாதம் அப்படியே மாட்டி வைத்திருந்தார்.

இரண்டாம் பருவத்தில் வேளாண்மை, நீர்ப்பாசனத் தொழில்நுட்பம் பற்றிய அலகு வந்தது. அதில் சோழர் காலக் குமிழித் தூம்பு இடம்பெறும். எங்களுக்கு அச்சொல் தெரியும். அது கல்வெட்டில் வருவதும் தெரியும். ஏரிக்குள் நின்று அது எவ்வாறு வேலை செய்தது என்பதை மட்டும் மூவரும் அறியோம். முதுகலை வகுப்பில் எவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கத்தை விட்டுப் புல முதல்வரிடமே போய்க் கேட்டோம். "நானே வர்றேன்" என்றார்.

கரும்பலகையில் ஏரியின் குறுக்குவெட்டை வரைந்தார். கரையிலிருந்து சற்று உள்ளே இரு கல்தூண்கள். அவற்றின் அடியில் கல்தொட்டி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியே வெளியே செல்லும் சுருங்கை. தொட்டியின் மேலுள்ள துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் நீர் இறங்கும், அதுவே நீரோடி. கீழ்ப்பகுதியிலுள்ள சேறோடித் துளைகள் வழியே அடியில் தேங்கிய வண்டலும் உடன் இழுபட்டுப் போகும். பாசனமும் தூர்வாருதலும் ஒரே ஓட்டத்தில். எங்கள் பாடத்தை எங்களுக்கே அவர் நடத்திக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தோம்.

மணப்பாக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "அப்போ 2015-ல எங்க வீட்டுக்குள்ள ஏன் சார் தண்ணி வந்துச்சு?" அவ்வாண்டு டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் வந்தது. அப்போது அவன் பள்ளிச் சிறுவன்.

புல முதல்வர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, பெய்கிற மழையில் எவ்வளவு எப்போது ஆற்றுக்கு வந்து சேரும் என்பதே நீரியலின் கடினமான கேள்வி என்றார். மழை இருமடங்கானால் வெள்ளமும் இருமடங்காகும் என்று கணக்கிடும் பழைய முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அந்நேர்விகிதத்துக்குள் அடங்காத உறவை ஆராய்ந்தோருள் ஒருவர் கரூர்ப் பக்கத்துக்காரர். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1964-இல் முனைவரானவர். ஆசிரியர் வென் தே சோவும் அவரும் சேர்ந்து 1971-இல் வெளியிட்ட மாதிரி நீரியல் நூல்களில் இடம்பெற்றது. "நான் பார்ட்-டைம் படிச்சப்ப அவர்தான் வைஸ் சான்சலர். குழந்தைசாமி சார்."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வா.செ. குழந்தைசாமியை அறியாதவர்களா நாங்கள்? 'குலோத்துங்கன்' என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். 'வாழும் வள்ளுவ'த்துக்காக 1988-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளுக்குத் தனிக்குறியீடு வேண்டும் என்று வாதாடியவர். (அந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் எங்களுக்கு இன்றும் உடன்பாடில்லை, மூவரும் ஒத்துப்போகும் சில செய்திகளுள் அதுவும் ஒன்று.) தொழில்நுட்பக் கல்வி இயக்குநர், 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர், பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று பதவிகளையெல்லாம் ஒப்பிப்போம். அவரது பெயரால் ஒரு நீரியல் மாதிரி உண்டென்பது மட்டும் தெரியாது. புல முதல்வருக்கோ அவர் கவிஞர் என்பதே அன்றுதான் தெரியும். ஒரே மனிதரை அவர் ஒரு பாதியாகவும் நாங்கள் மறுபாதியாகவும் வைத்திருந்தோம். மறுநாள் 'வாழும் வள்ளுவ'த்தை அவரிடம் கொடுத்தோம். அவர் பழுப்பேறிய நீரியல் குறிப்பேடு ஒன்றைத் தந்தார். சமன்பாடுகள் புரியவில்லை, ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

2024-இல் கட்டடப் பொறியியலுக்குச் சேர்க்கை மிகக் குறைந்தது. இப்பிரிவை நிறுத்தலாமா என்று நிர்வாகம் கூட்டம் போட்டது. வேண்டாம் என்று பேசியவர் அவர் ஒருவரே. அப்பருவம் முடிந்ததும் அவர் பணி நீட்டிக்கப்படவில்லை. வழியனுப்பு விழா என்று எதுவும் இல்லை. கூட்டத்தில் நாங்கள் வாய் திறக்கவில்லை; எங்கள் பணியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதே.

இவ்வாண்டு தூம்பை நாங்களே வரைகிறோம். தூண்கள் கோணலாக வருகின்றன. சென்ற வாரம் ஆவடிச் சந்தையில் அவரைக் கண்டோம். புத்தகத்தை இன்னும் படித்து முடிக்கவில்லை என்றார். அந்த மணப்பாக்கத்துப் பையன் தேறிவிட்டானா என்று கேட்டார். தேறிவிட்டான் என்றோம்.