பூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் மூன்று மாத காலம், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஒரு சிறு நகரத்தில் பங்குப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவ்வூர்ப் பங்குத் தந்தை அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் சென்றிருந்தார்; அவர் திரும்பும்வரை அங்கிருக்க என்னைப் பணித்தார்கள். பங்கு இல்லத்தை அடுத்த தெருவில், செங்கல்லாற் கட்டப்பட்ட பழைய நூலகம் ஒன்று இருந்தது. காலைத் திருப்பலி முடிந்ததும் செய்தித்தாள் படிக்க அங்குச் செல்வது என் வழக்கமாயிற்று.

அங்கு நான் கண்டவர்கள் நூல் தேடி வந்தவர்கள் மட்டுமல்லர். மனைவியை இழந்த முதியவர் ஒருவர் நாள்தோறும் வந்து சன்னலோரம் அமர்வார். அன்றாடம் அவரோடு பேசும் ஒரே மனிதர் அந்நூலகரே என்பதைப் பின்னர் அறிந்தேன். வேலை தேடும் இளைஞர்கள் அங்கிருந்த கணிப்பொறியில் விண்ணப்பங்களை நிரப்புவார்கள். பள்ளி விட்டதும் இரண்டு சிறுவர்கள் ஓடி வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி, அப்பங்கில் வாழ்ந்துவந்த ஓர் அம்மையாரின் பிள்ளைகள் அவர்கள். ஒற்றை அறையில் குடியிருந்த அக்குடும்பத்துக்கு, பிள்ளைகள் அமைதியாக அமர்ந்து பாடம் எழுத வேறு இடம் இல்லை. தாய்க்கோ மாலை நேரத்தில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. வேலை முடிந்து வரும் வழியில் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்.

ஒருநாள் நூலக வாசலில் அச்சிட்ட படிவங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நிதிப் பற்றாக்குறையின் காரணமாக நூலகப் பணிகளைக் குறைத்துத் திருத்தியமைக்க எண்ணியிருப்பதாகவும், பொதுமக்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம் என்றும் உள்ளாட்சி மன்றம் அறிவித்திருந்தது. அந்த ஞாயிறு, திருப்பலிக்குப் பின் அவ்வம்மையார் படிவத்தோடு என்னிடம் வந்தார்.

“சுவாமி, இதிலை என்ன கேட்டிருக்கினம் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

படிவம் 14 பக்கம். அதன் ஆங்கிலம் எனக்கே கடினமாயிருந்தது. மூன்று வழிகள் தரப்பட்டிருந்தன. நூலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பது முதல் வழி. ஊதியம் பெறும் பணியாளரை நீக்கிவிட்டு, ஊரார் தாமே ஊதியமின்றி நடத்துவது இரண்டாம் வழி. கட்டடத்தை மூடிவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நூல்களை வண்டியில் அனுப்புவது மூன்றாம் வழி. மூன்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அப்ப, இருக்கிறபடியே இருக்கட்டும் எண்டு எழுதுறதுக்கு எங்கை சுவாமி இடம் விட்டிருக்கினம்?”

தாள்களைப் புரட்டினேன். இறுதிப் பக்கத்தில், ‘வேறு கருத்துகள்’ என்பதன் கீழ் மூன்று வரிக்கான வெற்றிடம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, அந்த மூன்று வரிக்குள் அவருடைய இரண்டு பிள்ளைகளின் மாலைப் பொழுதை எழுதி முடித்தேன்.

அடுத்த வாரம் நகர மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மாலை 6 மணிக்குக் கூடியதால் அவ்வம்மையாரால் வர இயலவில்லை. நான் சென்று கடைசி வரிசையில் அமர்ந்தேன். ஏறத்தாழ அறுபது பேர் வந்திருந்தனர். பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள், கூட்டத்தில் எழுந்து பேசிப் பழகியவர்கள். நூலகத்தை நாள்தோறும் நாடிய இளைஞர்களையோ சிறுவர்களையோ அங்குக் காணவில்லை.

விளக்கமளித்த அதிகாரி கொடியவர் அல்லர். அரசு தரும் நிதி ஆண்டுதோறும் சுருங்குகிறது. முதியோர் பராமரிப்பையும் ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பையும் விட்டுவிட முடியாது. எஞ்சியதில்தானே நூலகத்தை நடத்தியாக வேண்டும் என்று அவர் பணிவோடு எடுத்துரைத்தார். அவர் கூறியதில் பொய்யில்லை. அப்பொழுது சன்னலோர முதியவர் எழுந்தார். “ஐயா, நீங்கள் எங்களைக் கேட்க வந்தீர்களா, எங்களிடம் சொல்ல வந்தீர்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டார். மண்டபம் அமைதியாயிற்று. அவருடைய சொல் என்னையும் தைத்தது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அம்முதியவரின் கேள்வி வெறும் ஆதங்கமன்று. அந்நாட்டுச் சட்டத்தின் உயிர்நாடியே அதுதான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1985-ஆம் ஆண்டில், லண்டனைச் சார்ந்த பிரென்ட் பகுதியில் பள்ளிகளை மூடுவது குறித்து ஒரு வழக்கு எழுந்தது. மக்கள் கருத்தைக் கேட்பதற்கு நான்கு நெறிகள் வேண்டும் என வழக்கறிஞர் ஸ்டீபன் செட்லி அதில் வாதிட்டார். நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கேட்க வேண்டும். மக்கள் ஆராய்ந்து மறுமொழி கூறப் போதிய காரணங்களைச் சொல்ல வேண்டும். போதிய கால அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளை மனச்சான்றோடு எண்ணிப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும், ஹேரிங்கே உள்ளாட்சி மன்றத்தைப் பற்றிய வழக்கில், இந்நெறிகளை உறுதிப்படுத்தியது. ஏழைகளுக்கான வரிச்சலுகையைக் குறைப்பது பற்றிய அவ்வழக்கில், மாற்று வழிகளை மக்களுக்குக் காட்டாமலே கருத்துக் கேட்டது முறையன்று என நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். யாழ்ப்பாணத்து அம்மையார் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதும் இதைத்தான் அன்றோ?

இங்கிலாந்தில் பொது நூலகம் பிறந்ததே மக்களின் ஒப்புதலால்தான். 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள் நூலகம் அமைக்கலாம். ஆனால் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் அதற்கு இசைய வேண்டும். 1964-ஆம் ஆண்டுச் சட்டமோ, நிறைவான, திறமையான நூலகப் பணியை அளிப்பதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாகவே ஆக்கிற்று. அக்கடமையை மறந்து எடுக்கப்பட்ட முடிவுகளை நீதிமன்றம் நீக்கியதுண்டு. நார்த்தாம்ப்டன்ஷயரில் 36 நூலகங்களுள் 21-ஐக் கைவிட எடுத்த முடிவு, 2018-ஆம் ஆண்டில் சட்டத்துக்குப் புறம்பானது எனத் தள்ளப்பட்டது. ஆயினும், வழக்காடியவர்கள் எப்போதும் வென்றார்கள் என்று சொல்வதற்கில்லை. அதே பிரென்ட் பகுதியில், 2011-ஆம் ஆண்டு ஆறு நூலகங்கள் மூடப்பட்டன. 1900-ஆம் ஆண்டில் எழுத்தாளர் மார்க் ட்வெயின் திறந்துவைத்த கென்சல் ரைஸ் நூலகமும் அவற்றுள் ஒன்று. மக்கள் நீதிமன்றம் சென்றும் தோற்றனர்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகக் கலை பயில லண்டன் சென்றார். குராய்டன் நகர நூலகத் தலைவராயிருந்த பெர்விக் சேயர்ஸ் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, யாவரும் பயன்படுத்துவதற்கே என்ற எண்ணத்தோடு தாயகம் திரும்பிய அவருடைய உழைப்பின் கனியே, 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். இன்றும் நாம் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தே செலுத்துகிறோம். அந்தக் குராய்டன் மன்றம் 2020-ஆம் ஆண்டில், தன் வரவுக்குள் செலவை அடக்க இயலவில்லை என அறிவிக்கும் நிலைக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டில், மக்களிடம் கருத்துக் கேட்ட பின், நான்கு கிளை நூலகங்களை மூட முடிவு செய்தது. நம்மவர் ஒருவர் பாடம் கற்ற ஊருக்கே இந்நிலை நேர்ந்ததென்றால், நம் ஊர் நூலகங்களைப் பற்றி நாம் கவலையற்று இருக்கலாகுமா?

நிற்க. முதியவரின் சொல் என்னைத் தைத்தது ஏன் என்று சொல்வதாகக் கூறினேன் அல்லவா?

இங்கிலாந்து செல்வதற்கு முந்தைய ஆண்டில், என் பங்கிலிருந்த படிப்பகத்தை நானே பூட்டினேன். எனக்கு முன்னிருந்த தந்தையொருவர் கோயிலுக்குப் பக்கத்தில் கட்டிய ஒரு சிறு அறை அது. இரண்டு அலமாரி நூல்கள், இரண்டு நாளிதழ்கள், ஒரு நீண்ட மேசை, ஒரு குழல் விளக்கு. பங்கு அலுவலகத்துக்கு இடம் போதவில்லை. படிப்பகத்துக்கு வருவோரும் குறைவு என்று எனக்குத் தோன்றியது. நான் எட்டிப் பார்த்ததெல்லாம் பகலில்தான் என்பதை அன்று நான் எண்ணவில்லை. பங்குப் பேரவையில் பேசி முடித்துவிட்டு, ஞாயிறு திருப்பலியின் இறுதியில் அறிவித்தேன். “யாருக்கேனும் மறுப்பு உண்டா?” என்றும் கேட்டேன். கோயில் நிறைய மக்கள் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு, மறுநாளே அலமாரிகளை அகற்றச் செய்தேன்.

டிசம்பரில் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அப்படிப்பகத்தின் வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். பக்கந்தோறும் மாலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. பீடி சுற்றும் தாய் ஒருவரின் மகள் அவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள் என்று கோவிற்பிள்ளை சொன்னார். அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அவள் அங்கில்லை. நூற்பாலை வேலைக்குப் போய் ஐந்து மாதமாயிற்று என்றார் தாய்.

“படிப்பகத்தை மூடும்போது நீங்கள் ஏன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: “அன்னைக்குப் பூசையில நான் இருந்தேன் சாமி. சாமி முடிவு பண்ணிட்டுத்தானே கேட்டீங்க? அதுக்குமேல நாங்க என்ன சொல்றது?”

இங்கிலாந்து மண்டபத்தில் அதிகாரியை நோக்கி எழுந்த கேள்வி, எங்கள் ஊர்த் திண்ணையில் என்னை நோக்கி வந்து நின்றது. படிப்பகம் திறந்திருந்தால் அப்பெண் தேர்வில் வென்றிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தின் வறுமையே அவளை ஆலைக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேளாமலே அவளுடைய விளக்கை அணைத்தவன் நான். அந்தப் பழி என்னுடையது.

இம்முறை கோயிலில் நின்று கேட்கவில்லை. பேரவை உறுப்பினர் இருவரோடு வீடு வீடாகச் சென்றேன். என்ன வேண்டும், எப்பொழுது வேண்டும், ஏன் வருவதில்லை என்று கேட்டேன். எங்கள் முடிவு எதையும் முன்வைக்கவில்லை. மறுமொழிகள் எனக்கு வியப்பளித்தன. காலையில் திறந்து வைத்திருந்தது யாருக்கும் பயன்படவில்லை. எல்லாருக்கும் வேண்டியது மாலையும் இரவும். கதைப் புத்தகங்களைவிடத் தேர்வு நூல்களே தேவை. பெண் பிள்ளைகள் தனியே திரும்பும் தெருவில் ஒரு விளக்கு வேண்டும். எவருமே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அலுவலகம் பழைய இடத்துக்கே போயிற்று. 2017-ஆம் ஆண்டு தவக்காலம் முடியுமுன் படிப்பகம் மீண்டும் திறந்தது, மாலை 6 முதல் 9 வரை.

இங்கிலாந்து அம்மையாரிடமிருந்து அவ்வாண்டு உயிர்ப்பு விழாவுக்கு ஒரு வாழ்த்து மடல் வந்தது. நூலகத்தை மூடவில்லை என்றும், ஆனால் வாரத்தில் இரண்டே நாள் திறக்கிறார்கள் என்றும், மற்ற நாட்களில் பிள்ளைகள் கட்டிலில் அமர்ந்து பாடம் எழுதுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்.

அன்பு வாசகர்களே, சிக்கனம் தேவையில்லை என நான் வாதிடவில்லை. பணம் குறையும்போது எதையேனும் குறைத்தே ஆக வேண்டும் என்பதைப் பங்குக் கணக்கு எழுதும் எவரும் அறிவர். ஆனால் குறைப்பதற்கு முன் கேட்பதும், குறைத்துவிட்டுக் கேட்பதும் ஒன்றல்ல. கேட்கும் பொறுப்பில் இருப்பவர்கள், கூட்டத்துக்கு வராதவர்களின் வாசலுக்கும் சென்று கேட்க வேண்டும். கேட்கப்படுகிறவர்கள், மூன்று வரி இடம்தான் கிடைத்ததென்றாலும் அதில் தங்கள் உள்ளத்தை எழுத வேண்டும். உங்கள் ஊர்ப்புற நூலகம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, அங்கு யார் வருகிறார்கள் என்று அடுத்த கிராம சபையில் கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அந்தப் பெண் இன்னும் ஆலையிலேயே இருக்கிறாள். அவளுடைய தம்பி மாலைதோறும் படிப்பகத்துக்கு வந்துகொண்டிருந்தான். பழைய பதிவேட்டில், அக்காளின் கடைசிக் கையெழுத்துக்கு அடுத்த வரியிலிருந்து அவனுடைய பெயர் தொடங்குகிறது. புதிய பதிவேடு வாங்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.