வெளுத்து நிற்க வேண்டிய தண்ணீர்

காஞ்சிபுரம் – வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. தறி பார்க்கத்தான் போனேன். சாயப்பட்டறை வாசலில் நின்றவன் நகரவே இல்லை.

காலை ஏழு மணிக்குள் அடுப்பு மூண்டிருந்தது. கொப்பரையில் அரக்குச் சாயம் கொதித்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கழிகளில் மாட்டிய பட்டுநூல் கட்டுகளை முக்கிப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நிமிடம் கை நின்றாலும் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். ஆவியில் அவர்கள் முகம் தெரியவில்லை. முழங்கை வரை சிவந்த கைகள் மட்டும் தெரிந்தன.

அரை மணி கழித்து, மூத்தவர் ஒரு குவளையில் சாயத்தண்ணியை மொண்டு வெளிச்சத்தில் காட்டினார்.

“பாருங்க சார், எப்படி வெளுத்திருக்குன்னு. சாயம் பூரா நூலுக்குப் போயிடணும். தண்ணி செவசெவன்னு நின்னா, சாயமும் நஷ்டம், ஊருக்கும் கேடு.”

அமிலமும் சூடும் அளவாக இருந்தால்தான் பட்டு சாயத்தை முழுதாகக் குடிக்கும். ஆற்றைக் காக்கும் வேலை அந்தக் குவளையில்தான் தொடங்குகிறது என்று எனக்குப் பட்டது.

ஆனால் எத்தனை கைதேர்ந்தவர் போட்டாலும் கொஞ்சம் சாயம் மிஞ்சும். அதற்கு முன்பே, சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டை அவித்த தண்ணீர் இருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இயற்கையான பசை. அது முழுக்க அந்தத் தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது.

கழிவுநீர் எப்படிச் சுத்தமாகிறது என்று பார்க்க, மறுநாள் பக்கத்து ஊரொன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். கம்பிச் சல்லடையில் சிக்கிய பிளாஸ்டிக்கையும் துணியையும் ஒருவர் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தொட்டியில் காற்று பொங்கிப் பொங்கி வந்தது. அந்தக் காற்றை மூச்சாக வைத்துத்தான் கோடானுகோடி நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்கின்றன. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் அந்தத் தண்ணீரை எடுத்து நிழலில் வைத்தார். அரை மணி நேரத்தில் பழுப்பு வண்டல் கீழே கால் பங்காக இறங்க, மேலே தெளிந்த நீர் நின்றது. “மண் வாசனை அடிச்சா நல்லாருக்குன்னு அர்த்தம் சார். அழுகல் நாத்தம் வந்தா காத்து பத்தலை.” குனிந்து முகர்ந்தேன். மழை பெய்த மண்ணின் வாசனை.

பட்டின் பசையை இந்த உயிர்கள் தின்றுவிடும். செயற்கைச் சாயத்தை அவ்வளவு எளிதில் தின்னாது. நிறம் அப்படியே தாண்டிப் போகும். சாயத்தண்ணியைத் தனித் தொட்டியில் தேக்கி, சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து படியவைத்த பிறகே வெளியே விட வேண்டும். சாயத்தண்ணியைச் சாக்கடையில் கலந்துவிட்டு, ‘அங்கே சுத்தம் செய்துகொள்வார்கள்’ என்று இருப்பது தவறு. அந்தத் தம்பியின் குடுவை அதற்காக வைத்ததல்ல.

சாக்கடையில் விட்டது எங்கே போகும்? காஞ்சி நகரின் மஞ்சள்நீர்க் கால்வாய் நத்தப்பேட்டை ஏரிக்குப் போகிறது. வேகவதி ஆறு வாலாஜாபாத் அருகே திருமுக்கூடலில் செய்யாற்றோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். தண்ணீர் மணலுக்கடியில்தான் ஓடுகிறது. மேலே விட்ட கழிவை அடித்துப் போக வெள்ளம் இல்லை. அது கிணற்றுக்குள் இறங்குகிறது. மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் கழிவால் இதே ஆறு பட்ட பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் விசாரித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நொய்யல் ஆற்றுக்காக 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலை ஐயம்பேட்டைக்கு வரக்கூடாது. பட்டறையை மூடினால் முதலில் பட்டினி கிடப்பது அந்தச் சிவந்த கைகள்தான். சிறு பட்டறைக்காரர் தனியாக நிலையம் கட்ட முடியாது. பத்துப் பட்டறைக்கு ஒரு பொதுத் தொட்டியை அரசு கட்டித் தர வேண்டும்.

கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வருகிறவர்களே, விலையும் சரிகையும் கேட்கும்போது, இதன் சாயத்தண்ணி எங்கே போகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.