பூட்டு ஊர்க்காரன் பார்த்த ஃபயர்வால்



"ஆன்டிவைரஸ் போட்டாச்சு, அப்புறம் எதுக்கு சார் ஃபயர்வால்?" என்று ஓய்வூதியர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். ஆன்டிவைரஸ் உள்ளே வந்தவனைத் தேடும். ஃபயர்வால் வாசலில் நிற்கும். 2017 மே 12-இல் கிளம்பிய வானாக்ரை 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, ஃபைல் பகிர்வதற்கான 445-ஆம் எண் போர்ட் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது.

எங்கள் ஆத்தூர் வீட்டில் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், கேமரா, நாலு செல்போன். எல்லாம் ஒரே மோடத்தில். ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதும் அதிலேதான்.

விண்டோஸில் ஃபயர்வால் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கும். 'பப்ளிக்', 'பிரைவேட்' என இரண்டு நிலை உண்டு. பிரிண்டரைப் பகிரும் கணினிக்கு மட்டும் பிரைவேட் வைத்தேன். பேத்தியின் லேப்டாப்புக்கு வீட்டிலும் பப்ளிக்தான்; அதிலிருந்து யாரும் எதையும் எடுக்க வேண்டியதில்லையே! புது மென்பொருள் 'அலோ' கேட்டால் கேன்சல் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை அப்போதும் ஒழுங்காக வேலை செய்யும். வெளியே போக அனுமதி தேவையில்லை, வெளியிலிருந்து உள்ளே வருவதற்குத்தான் அந்தக் கேள்வி.

பெரிய ஓட்டை மோடத்தில் இருந்தது. சென்னையில் இருக்கும் மகள் எங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேமரா மாட்டினோம். மாட்டியவர் 'போர்ட் ஃபார்வர்டிங்' திறந்துவிட்டு, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையும் அப்படியே விட்டுப் போயிருக்கிறார். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில், பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை! நாங்கள் எப்போது வெளியே போகிறோம், அவள் அம்மா எப்போது தனியாக இருக்கிறாள் என்று எவனோ உட்கார்ந்து பார்க்கலாம். 2016-இல் மிராய் என்ற நிரல், அறுபதுக்குச் சற்று அதிகமான இத்தகைய பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் மோடங்களையும் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் போன்ற தளங்களே படுத்துவிட்டன.

மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போனேன். பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். பாஸ்வேர்டை மாற்றி, அந்த ஃபார்வர்டிங்கை நீக்கி, யூபிஎன்பி-யை அணைத்தேன். கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மகள் இப்போது கேமராவின் செயலி வழியாகப் பார்க்கிறாள்.

கேமராவை 'கெஸ்ட்' வைஃபைக்கும் மாற்றிவிட்டேன். கூடங்குளத்தில் 2019-இல் தீநிரல் நுழைந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. நுழைந்தது இணையத்தோடு இணைந்த அலுவலகக் கணினியில். உலையை இயக்கும் பிணையம் தனி என்றார்கள். அதே ஏற்பாடுதான், நம் வசதிக்கு.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைலை நாமே திறந்தால் ஃபயர்வால் ஒன்றும் செய்யாது. அது தனிப் பதிவு.

மோடத்தில் கை வைப்பதற்கு முன் பழைய அமைப்புகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் நின்றால் லைன்மேன் முதலில் அதைத்தான் கேட்பார்.