முப்பது வருடம் தாமதமான பதில்



கனடாவில் இருக்கும் என் மாணவி ஒருத்தி நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் கறுப்புக் கோட்டின் கையில் விழுந்த ஒற்றைப் பனித்துகள். ஆறு கைகள், ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கிளைகள். கூடவே ஒரு வரி: "மழைத்துளி உருண்டைதானே சார், உறைஞ்சா ஆறு கை எப்படி வரும்?"

வையம்பட்டியில் எட்டாம் வகுப்பிலும் அவள் இதையேதான் கேட்டாள். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். மழைத்துளி உறைந்தால் பனித்துகள் என்று வருடா வருடம் நான் சொல்லிக்கொடுத்தது தவறு.

நீர்த்துளிகள் உறைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பருத்தால் அது ஆலங்கட்டி. கோடை மழையில் எப்போதாவது விழுமே, ஓடிப்போய்ப் பொறுக்குவீர்களே, அதுதான். பனித்துகளின் கதை வேறு. தூசியைப் பற்றிய மிக நுண்ணிய மேகத்துளி ஒன்று உறைவது தொடக்கம் மட்டுமே. அதன்பின் சுற்றியுள்ள நீராவி, தண்ணீராக மாறாமலே நேரடியாக அதன்மேல் படிகிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுகின்றன. ஆகவே படிகத்துக்கும் ஆறு மூலை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளுக்கு நீராவி அதிகம் கிடைப்பதால் அங்கே கைகள் முளைக்கின்றன.

ஜப்பானின் ஹொக்கைடோவில் நகாயா என்ற அறிஞர் 1936-ல் முயல் முடியின் மேல் இத்தகைய படிகத்தை ஆய்வகத்திலேயே வளர்த்தார். குளிரும் ஈரப்பதமும் மாறினால் வடிவமும் மாறும் என்று காட்டினார். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகள். மைனஸ் 15-ஐ ஒட்டி நட்சத்திரங்கள்.

எனக்கு வெட்கம் எதில் தெரியுமா? பீங்கான் கிண்ணத்தில் கற்பூரத்தைச் சூடாக்கி, மேலே புனலைக் கவிழ்த்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? ஆவி திரவமாகாமல் புனலின் உட்புறம் வெள்ளையாகப் படியும். மார்கழி, தை விடியலில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படிவதும் அப்படித்தான். பதில் என் மேசைமேலேயே இருந்திருக்கிறது. அவள் கேள்வியை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கும் புரிந்திருக்கும்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். நான் சொன்னதை நம்பி வகுப்பில் அப்படியே சொல்லியிருந்தால், தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். பரீட்சைக்கு வராததை எந்தப் பிள்ளையாவது கேட்டால், உட்காரச் சொல்லாதீர்கள்.