'அம்மா, இது ரெண்டு ஜாக்கெட்!' - சென்னையில் படிக்கும் மகளும் என் சிக்கனக் கணக்கும்

எங்கள் வீட்டில் பணத்துக்கு ரூபாய், பைசா கணக்கு கிடையாது. ஜாக்கெட் கணக்குதான். லைனிங் இல்லாத ஜாக்கெட் ஒன்று தைத்தால் எனக்கு 150 ரூபாய். "அந்த செருப்பு நாலு ஜாக்கெட்டுடி", "ஓட்டல் பிரியாணி ஒரு ஜாக்கெட், வீட்ல செஞ்சா நாலு பேருக்கும் சேர்த்து ரெண்டு ஜாக்கெட்" என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் சிக்கனத்துக்கு யோசனை கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

2024 ஜூனில் மகள் சென்னையில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்தாள். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வெளியே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்த்தோம். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு மாதம் 7,000 ரூபாய். கைச்செலவுக்கு 2,500. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சீசன் நன்றாக இருந்தால் சமாளிக்கலாம், இல்லையென்றால் இழுபறிதான். பிள்ளையை ரயில் ஏற்றிவிட்டு நான் சொன்ன கடைசி வார்த்தைகூட "பார்த்துச் செலவு பண்ணுடி" என்பதுதான். "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று சொன்னதாக நினைவில்லை.

செப்டம்பரில் ஒரு மதியம், ஹாஸ்டல் தோழி போன் செய்தாள். "ஆன்ட்டி, பயப்படாதீங்க..." என்று ஆரம்பித்தால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? லேபில் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே மயங்கிச் சரிந்துவிட்டாளாம். அன்று இரவே நெல்லை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில், கழிவறை ஓரம் உட்கார்ந்து சென்னை போய்ச் சேர்ந்தேன்.

அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது என்றார் அந்தப் பெண் டாக்டர். "காலையில என்னம்மா சாப்பிடுவ?" என்று கேட்டார். "சாப்பிடுறதில்ல மேடம்." "மதியம்?" அவள் என்னைப் பார்த்தாள். "பிஸ்கட்." டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "கேன்டீன்ல ஒரு சாப்பாடு 50 ரூபாம்மா. மூணு நாள் சாப்பிட்டா ஒரு ஜாக்கெட். நீங்க ராத்திரி பத்து மணிக்கு லைட்டுக்குக் கீழ உட்கார்ந்து கொக்கி வைக்கிறது ஞாபகம் வரும். சாப்பிடத் தோணாது."

எனக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல இருந்தது.

அப்படியானால் 2,500 ரூபாய் எங்கே போனது? அன்று மாலை ஹாஸ்டல் கட்டிலில் இருவரும் உட்கார்ந்து, போனில் இருந்த ஜிபே கணக்கைப் பார்த்து ஒரு பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். முந்தைய மாதம் ஆட்டோ, ஷேர் ஆட்டோ 640. ரீசார்ஜ் 300. தோழிகளின் பிறந்தநாள் நான்கு, தலைக்கு 200 வீதம் 800. 'டிரெடிஷனல் டே'வுக்கு வகுப்பே ஒரே மாதிரி எடுத்த சேலை 650. ஜெராக்ஸ் 180. கூட்டினால் 2,570. சாப்பாடு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த 70 ரூபாயும் பிஸ்கட் காசும் அறைத்தோழியிடம் வாங்கிய கடன்.

அவள் ஊதாரி இல்லை. யாருக்கும் தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறாள், நாலு பேர் பார்க்கிற இடத்தில் 'முடியாது' என்று சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். வயிறு காய்வது வெளியே தெரியாது இல்லையா?

நான்கு நாள் அங்கேயே தங்கி, ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறலாம், ஆனால் பிள்ளையை வெளியூரில் படிக்க வைக்கும் எந்த வீட்டுக்கும் இதில் ஏதாவது ஒன்றாவது பயன்படும்.

முதலில் சாப்பாடு. ஹாஸ்டலில் காலை டிபன் எட்டு மணிக்கு. இவள் ஏழரைக்குக் கிளம்பிவிடுவாள். ஆக, காசு கட்டிய டிபனைச் சாப்பிடாமலேயே மூன்று மாதம் போயிருக்கிறது! சமையல் அக்காவிடம் போய்ப் பேசினேன். "இதைக் கேட்டிருந்தா நான் கட்டிக் குடுத்திருக்க மாட்டேனா? பிள்ளைங்க வாயைத் திறந்தாதானே தெரியும்" என்றார். மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு முதல் ஈட்டு இட்லி இவள் டப்பாவில். இதே காரணத்தால் சாப்பிடாமல் போய்க்கொண்டிருந்த இன்னும் மூன்று பிள்ளைகளின் டப்பாவும் இப்போது வரிசையில் நிற்கிறது.

மதியத்துக்கு கேன்டீன். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்குப் பக்கத்திலிருக்கும் அம்மா உணவகம். 2013-ல் ஆரம்பித்தபோது வைத்த விலைதான் - இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. எட்டு ரூபாயில் ஒரு வேளை முடிகிறது. "அங்க போய் நின்னா யாராவது பார்ப்பாங்கம்மா" என்றாள். நானே கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன்னால் ஐ.டி. கார்டு மாட்டிய இரண்டு பையன்கள் நின்றார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவள் தலை நிமிர்ந்தது.

ஊரிலிருந்து மாதம் ஒரு பார்சல் போகிறது. பருப்புப்பொடி, வறுத்த பொட்டுக்கடலை, முருங்கை இலைப் பொடி. கூடவே எங்கள் ஊர்க் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாயாக்கும்! பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு வேர்க்கடலையும் வெல்லமும் எவ்வளவோ மேல். இரும்புச்சத்து மாத்திரையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தந்தார்கள். அதைப் போட்ட கையோடு டீ, காபி குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது என்று டாக்டர் சொன்னதை அவள் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

அடுத்து பஸ். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட்டே கிடையாது. பிறகு ஏன் 640 ரூபாய் ஆட்டோவுக்கு? காலையில் பத்து நிமிடம் பிந்தி எழுந்திருப்பது ஒன்று, டீலக்ஸ் பஸ்ஸா சாதாரண பஸ்ஸா என்று தெரியாமல் பயந்தது இன்னொன்று. அந்த ஸ்டாப்பில் எந்த நம்பர் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று இரண்டு காலை நின்று இருவரும் குறித்தோம். சாப்பாட்டு டப்பா ஏழு மணிக்கே தயாராகிவிடுவதால் இப்போது அந்த பஸ் தப்புவதில்லை. ஆட்டோ செலவு மாதம் 100 ரூபாய்க்குள் வந்துவிட்டது. இருட்டிய பிறகு வந்தால் ஆட்டோவில்தான் வர வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ரீசார்ஜ் கணக்கை அவளே கண்டுபிடித்தாள். 28 நாள் பிளான் போட்டால் வருஷத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை ரீசார்ஜ் செய்கிறோம். நானும் இத்தனை வருஷமாக அதை மாதக் கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்! ஹாஸ்டலில் வைஃபை இருப்பதால், டேட்டா குறைவான, நாள் அதிகமான பிளானுக்கு மாறிவிட்டாள்.

புத்தகம் விஷயத்தில் சீனியர்கள்தான் தெய்வம். லேப் கோட், கால்குலேட்டர், பழைய வினாத்தாள் எல்லாம் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளிடமிருந்து பாதி விலைக்கும் குறைவாக வந்தன. அவர்களுக்கும் அது அடைத்துக்கிடக்கிற சாமான்தானே. சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போகிறாள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனி இடம் இருக்கிறது. ஏ.சி. உண்டு, கட்டணம் இல்லை. "ஹாஸ்டல் ரூம்ல வேர்த்து வழியுறதுக்கு இதுவே சொர்க்கம்மா" என்கிறாள். தேவையான பக்கங்களை அங்கேயே குறிப்பெடுத்துக்கொள்வதால் ஜெராக்ஸ் செலவும் பாதியாகிவிட்டது.

கஷ்டமாக இருந்தது பிறந்தநாள் டிரீட்தான். அதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. "போகாதே" என்று சொல்வது சுலபம். பதினெட்டு வயதில் ஊர் விட்டு ஊர் வந்தவளுக்கு அந்த நாலு தோழிகள்தானே சொந்தம்? அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாள். "எனக்கு 200 ரூபாய் கட்டுப்படியாகல. ஆளுக்கு 30 போட்டு பேக்கரியில கேக் வாங்கி ஹாஸ்டல் மொட்டை மாடியில வெட்டலாமா?" அனுப்பிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாளாம். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், இரண்டு பேர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள், "தேங்க்ஸ்டி, நானும் இதைத்தான் சொல்ல நெனச்சேன்" என்று. ஒருத்தி மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அவளும் மாடிக்கு வந்துவிட்டாள்.

என் பங்குக்கு, பணம் அனுப்பும் முறையை மாற்றினேன். மாதம் பிறந்ததும் 2,500 மொத்தமாகப் போட்டால், முதல் வாரம் ராஜா, நாலாவது வாரம் பிஸ்கட். இப்போது ஞாயிறுதோறும் 600 போடுகிறேன். மிச்சத்தை மாதக் கடைசியில் சோப்பு, நாப்கின் வாங்க அனுப்புகிறேன். யு.பி.ஐ.யில் அந்தக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கு தனியே உண்டு. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். 2022-லிருந்து இருக்கிற திட்டம். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்காமல் விட்டதால் அதுவும் நின்றுகிடந்தது. கல்லூரி அலுவலகத்திலும் வங்கியிலும் ஒரு நாள் அலைந்து சரிசெய்தோம். அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கும் இதேபோல 'தமிழ்ப் புதல்வன்' இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். அந்தக் கணக்கை போனில் சேர்க்கவில்லை. பரீட்சை ஃபீஸ், ஆஸ்பத்திரி என்றால் மட்டும் எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

தீபாவளிக்கு ரயில் டிக்கெட் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸில் 1,900 ரூபாய் கொடுத்து வந்தாள். பன்னிரண்டு ஜாக்கெட்டுக்கு மேலே. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பொங்கலுக்கு உஷாராகிவிட்டோம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தோம். லீவுக்குச் சொந்த ஊர் போகும் மாணவர்களுக்கு ஸ்லீப்பரில் பாதிக் கட்டணச் சலுகை இருக்கிறது. கல்லூரியில் கையெழுத்து வாங்கிய படிவத்தோடு ஸ்டேஷன் கவுன்டரில்தான் எடுக்க வேண்டும், ஆன்லைனில் கிடைக்காது. போன் புக்கிங்கே பழகிய இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. இவளோடு சேர்ந்து ஹாஸ்டலில் ஐந்து பேர் அப்படியே எடுத்தார்கள்.

பொங்கலுக்கு வந்தவளைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் தெரிந்தது. மறுபடி பரிசோதித்ததில் 11.2. "இன்னும் கொஞ்சம்தான், மாத்திரையை நிறுத்திடாதே" என்றார்கள்.

கரிநாள் அன்று மதியம் நான் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் கையில் அந்த ரெக்கார்டு நோட்டு.

"அம்மா, நூல், கொக்கி, கரன்ட், மெஷின் சர்வீஸ் எல்லாம் போக ஒரு ஜாக்கெட்ல உங்களுக்கு எவ்வளவு நிக்குது?"

"யாருடி அதெல்லாம் பார்த்தா?"

"நான் பார்த்தேன். 118 ரூபா. நாலு வருஷமா 150-தான் வாங்குறீங்க. பஜார்ல 200, 220 வாங்குறாங்க. உங்களுக்கும் கேட்கக் கூச்சம், இல்லையா?"

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். தை பிறந்ததிலிருந்து ஜாக்கெட் 180 ரூபாய் என்று அவளே ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எதிர்வீட்டு மதினி மட்டும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஜாருக்குப் போனார். அடுத்த மாதம் அதே துணியை, பஜாரில் கை வைத்த இடம் இறுக்கமாகிவிட்டது என்று பிரித்துத் தைக்க என்னிடமே கொண்டுவந்தார்.