300 இருந்தும் படிக்க முடியாத படம்

கணினி கற்றுத்தரும் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. அதில் அதிகம் மெனக்கெட வைப்பது ஸ்கிரீன்ஷாட். கோப்பு அச்சகத்துக்குப் போனதுமே, "படமெல்லாம் 300 டிபிஐ இல்லையே சார், வேற அனுப்புங்க" என்று போன் வந்துவிடும். புகைப்படத்துக்கு அந்த விதி சரி. ஆர்ட் பேப்பரில் 150 லைன் ஸ்கிரீன், மேப்லித்தோவில் 133 லைன் என்று வைத்து, அதற்கு இரண்டு மடங்கு பிக்சல் இருக்கட்டும் என்று வந்த கணக்கு அது. ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அதே கணக்கைப் போட்டால் படம் விதிக்குப் பொருந்தும், வாசகருக்குத்தான் படிக்க வராது.

எப்படி என்று பாருங்கள். திரை 1366 பிக்சல் அகலம். டெமி புத்தகத்தில் வரி அகலம் நாலேகால் அங்குலம். முழுத் திரையையும் அதற்குள் அடக்கினால் அங்குலத்துக்கு 321 பிக்சல் கிடைக்கிறது. அச்சகம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் மெனு எழுத்து வழக்கமாக 9 பாயின்ட், அதாவது திரையில் 12 பிக்சல். தாளில் அது 2.7 பாயின்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரைத் தமிழ் மெனுவோடு அந்த அளவில் அச்சிட்டுப் பாருங்கள். ண எது, ன எது என்று தெரியாமல் சுழிகள் ஒட்டிப்போகும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்காது. ஆங்கில மெனுவை அந்த அளவிலும் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடுகிறது.

அதே எழுத்து 6 பாயின்ட்டில் வர வேண்டுமானால் அங்குலத்துக்கு 144 பிக்சல்தான் வைக்க முடியும். அதாவது, படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினாலே அது 'ரெசல்யூஷன் குறைந்த' படம். இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல் போட்டோஷாப்பில் எத்தனை வித்தை செய்தாலும் பயனில்லை.

அதனால் படம் எடுக்கும்போதே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேலை 200 சதவீதம் ஆக்கிவிட்டு எடுத்தால் 12 பிக்சல் எழுத்து 24 பிக்சலாக வரும். 6 பாயின்ட்டில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 288. எழுத்தும் படிக்கலாம், அச்சகமும் திருப்பி அனுப்பாது. முழுத் திரை வரி அகலத்துக்குள் அடங்காதே என்றால், அடங்க வேண்டாம். பாடம் எந்த மெனுவைப் பற்றியதோ அதை மட்டும் வெட்டி எடுங்கள். கிளியர்டைப்பை அணைத்துவிடுங்கள். அது எழுத்தின் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகப் பூசுவது எல்சிடி திரைக்காக. தாளில் அது வெறும் அழுக்கு. சேமிப்பது பிஎன்ஜியில் மட்டும். ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிவிடுகிறேன். போட்டோவாக அனுப்பினால் ஜேபெக் சுருக்கத்தில் ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் தூசு படிந்து வரும். அந்தத் தூசை முழுதாக எடுக்க முடிவதில்லை.

மறுபடி எடுக்கவே முடியாத படங்கள் உண்டு. விண்டோஸ் 98 காலத்து 640க்கு 480 படம், இன்று எந்தக் கணினியிலும் ஓடாத மென்பொருள். இங்கேதான் மனம் பதறுகிறது. பலரும் இமேஜ் சைஸில் 300 என்று அடித்து, ரீசாம்பிளை பைகியூபிக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒரு டயலாக் பெட்டியின் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே ஒரு பிக்சல் அகலம், முழுக் கருப்பு, பக்கத்தில் முழு வெள்ளை. பைகியூபிக் இரண்டுக்கும் நடுவே தானாகச் சாம்பல் நிறங்களை இட்டு நிரப்புகிறது. பிளேட்டில் முழுக் கருப்பு கோடாகவே விழும். சாம்பல் ஒவ்வொன்றும் புள்ளிகளாக உடையும். கூர்மையாக இருந்த கரை கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடுகிறது. நியரஸ்ட் நெய்பர் வைத்துச் சரியாக 400 சதவீதம் பெருக்கினால் ஒரு பிக்சல் அதே நிறத்தில் பதினாறாகிறது, புதிதாக எதுவும் நுழைவதில்லை. 144 இருந்த இடத்தில் 576. பெருக்கம் முழு எண்ணாக இருக்க வேண்டும். 350 சதவீதம் என்று வைத்தால் சில கோடு தடித்தும் சில மெலிந்தும் போகும். படிக்கட்டு மாதிரித் தெரிகிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். அந்தத் திரை அப்படித்தான் இருந்தது. அதை அப்படியே தாளுக்குக் கொண்டுவருவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரு புத்தகத்தில் எல்லா ஸ்கிரீன்ஷாட்டும் ஒரே அளவுக் கணக்கில் இருக்க வேண்டும். சின்ன டயலாக் பெட்டியை வரி அகலத்துக்கு இழுத்து நிரப்பினால் இந்தப் பக்கத்தில் 'சரி' பொத்தான் கட்டைவிரல் அளவு, அடுத்த பக்கத்தில் கடுகளவு. புதிதாகக் கற்கிறவர் இரண்டும் வேறு வேறு பொத்தான் என்றே நினைப்பார். சின்னப் பெட்டி சின்னதாகவே இருக்கட்டும், பக்கத்தில் வெற்றிடம் கிடந்தால் கிடக்கட்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைச் சன்னல் கரைந்துபோகாமல் சுற்றிலும் கால் பாயின்ட் கோடு போதும். அம்புக்குறி, எண் எல்லாம் படத்துக்குள் வரையாமல் இன்டிசைனில் மேலே வைக்கிறேன்.

வண்ணப் புத்தகமென்றால் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது கருப்பு எழுத்து நான்கு மையாகப் பிரிந்துவிடும். பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் 6 பாயின்ட் எழுத்துக்கு நிழல் விழும். கஸ்டம் சிஎம்ஒய்கேயில் ஜிசிஆர், பிளாக் ஜெனரேஷன் மேக்ஸிமம் என்று வைத்தால் கருப்பும் சாம்பலும் கருப்பு மையிலேயே நிற்கும். பிடிஎஃப் எடுக்கும்போது டவுன்சாம்பிளை அணைத்து, கம்ப்ரஷனை ஜிப் ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் இதுவரை பார்த்துப் பார்த்துச் செய்ததை அந்த ஒரு சன்னல் கலைத்துவிடும்.

கருப்பு-வெள்ளைப் புத்தகத்தில் சாம்பல்தான் சோதனை. விண்டோஸ் பெட்டிகளின் பின்னணி 240 என்ற வெளிர் சாம்பல். மேப்லித்தோவில் அது எழுத்துக்கு அடியில் பொடிப் பொடிப் புள்ளியாக விழும் என்பதால் லெவல்ஸில் வெள்ளையாக்கிவிடுகிறேன். மங்கலாகத் தெரியும் மெனு வரிகளைத் தனியாகத் தேர்ந்து வெளுக்கிறேன். அந்தத் தாளில் மை பரவிப் பாதிக் கருப்பு ஏறக்குறைய முக்கால் கருப்பாகும். இப்போது வேலை செய்யாது என்று சொல்லத்தான் அந்த வரி மங்கியிருக்கிறது. அது கருத்துவிட்டால், பாடம் படிப்பவர் அதையே திரும்பத் திரும்பச் சொடுக்கிக்கொண்டிருப்பார்.